அந்த மா வேறு, இந்த மா வேறு

என் தம்பி பத்துமலைக்கு அறுபத்தெட்டு வயதில் ஒரு சொல் கிடைத்தது. அந்த வயதில் மற்ற ஆண்களுக்கு முட்டிவலி வரும், இல்லாவிட்டால் கோயில் கமிட்டியில் ஒரு பதவி வரும். இவனுக்கு வந்தது ஒரே எழுத்தில் ஒரு சொல். மா. அந்த ஒற்றை எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஈப்போவிலிருந்து சீனா வரைக்கும், அங்கிருந்து ஜப்பான் வரைக்கும் போய்வந்தான். கூடப் பிறந்த பாவத்துக்கு நானும் பின்னால் உட்கார்ந்து போய்வந்தேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் வாயால் சொல்கிறேன், வேறொருவர் எழுதிக்கொள்கிறார். சொந்தத் தம்பியைப் பற்றி இப்படியெல்லாம் சொல்லலாமா என்று கேட்டார். சொந்தத் தம்பியை விட்டுவிட்டு அடுத்த வீட்டான் தம்பியைப் பற்றியா சொல்வது? எழுதுங்கள் என்றேன்.

நாங்கள் பிறந்தது சுங்காய்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே போனால் செம்பனைதான் நிற்கும். அழுவதற்கு ஒன்றுமில்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த அந்த லயத்தில் கூரை ஒழுகாத வீடு, வேலை வாங்குகிற மண்டோர் வீடு ஒன்றுதான். தம்பி பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை என்பதால் அம்மா அந்தப் பெயரையே வைத்தாள். தமிழில் பத்து என்றால் ஒன்பதுக்கு அடுத்தது. மலாயில் பத்து என்றால் கல். இவன் தன் பெயருக்குப் பத்து மலைகள் என்று பொருள் சொல்லிக்கொண்டு தோட்டத்துப் பள்ளியில் திரிந்தான். தோட்டத்து முனையில் கடை வைத்திருந்த மலாய்க்காரர் எங்கள் தமிழை எங்களைவிடத் தெளிவாகப் பேசுவார். அவர் ஒருநாள் சிரித்துக்கொண்டே, "டேய் தம்பி, பத்து மலை இல்லடா, கல்லு மலை" என்றார்.

வேறு பிள்ளையாக இருந்தால் சரி என்று சொல்லி மிட்டாயை வாங்கிக்கொண்டு வந்திருக்கும். இவன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான். "ஒரு மலையில கொறைஞ்சது பத்துக் கல்லாவது இருக்கும்ல? அப்ப ரெண்டும் ஒண்ணுதான்!"

கடைக்காரர் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அங்கேதான் கெட்டது. தான் சொன்னால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்று அவன் அன்றைக்கே முடிவு செய்துகொண்டான். பெயரில் ஒரு கல், அதற்குப் பக்கத்தில் ஒரு மலை. பிறகு அவன் எப்படி அசைவான்?

மீசை முளைத்ததும் ஈப்போவுக்கு வந்தான். சீனர் ஒருவரின் கிச்சாப் பட்டறையில் லோரி ஓட்டும் வேலை. சோயாப் பயற்றை ஊறவைத்துக் கறுப்பாகச் சாறு இறக்குவார்களே, அந்தப் பட்டறை. வேலை முடியும் வயது வரை அங்கேதான் இருந்தான். சீனத்தை வீட்டுப் பிள்ளை மாதிரி பேசுவான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சீனன் என்றே நினைப்பீர்கள். கண்ணைத் திறந்தால் எங்கள் அப்பாவின் மூக்கு தெரியும்.

ஆனால் அந்தச் சீனத்தை அவன் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. பட்டறை முதலாளியின் தாயாரை எல்லாரும் "மா மா" என்று கூப்பிடுவார்கள். அப்பாவைப் பெற்றவளுக்கு அவர்கள் சொல்கிற முறை அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவனும் மரியாதையாக, பல்லைக் காட்டிக்கொண்டு, "மா மா" என்று கூப்பிட்டிருக்கிறான். கிழவி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு லோரியைச் சுற்றிச் சுற்றி விரட்டினாள். அவர்கள் பேச்சில் சொல் ஒன்றாக இருந்தாலும் சுருதி மாறினால் ஆளே மாறிவிடும். மேலே நிறுத்திச் சொன்னால் அம்மா. கீழே இறக்கினால் பாட்டி. கீழேயிருந்து மேலே தூக்கினால் குதிரை. இவன் தூக்கிவிட்டான். முதலாளியின் தாயாரைப் பட்டறை நடுவில் நின்று "குதிரை, குதிரை" என்று கூப்பிட்டிருக்கிறான். ஒரே ஓசை வேறு வேறு பொருளாக இருக்கும் என்பதை அன்றைக்கு அவன் முதுகு கற்றுக்கொண்டது. தலை கற்றுக்கொள்ளவில்லை.

பிறகு ஈப்போவிலேயே புந்தோங்கில் வீடு வாங்கினான். விமலாவைக் கட்டினான். ரொம்ப நாள் கழித்துச் சாந்தினி பிறந்தாள், ஒரே பெண். விமலா நல்லவள். இவன் பேச ஆரம்பித்தால் அவள் வெங்காயம் உரிக்க ஆரம்பிப்பாள். கண்ணில் தண்ணீர் வரும், இவன் தன் பேச்சுக்குத்தான் உருகுகிறாள் என்று நினைத்துக்கொள்வான். அவள் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை. சாந்தினி காலையில் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். அந்த வெறும் வீட்டில்தான் வாட்ஸ்அப் வந்து குடியேறியது.

யாரோ எங்கிருந்தோ அனுப்பியிருக்கிறார்கள், பழைய தமிழில் மா என்றால் குதிரை என்றும் பொருள் உண்டு, அகராதியில் இருக்கிறது என்று. அதைக் கேட்டதும் இவனுக்குப் பழைய விளக்குமாறு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சீனத்திலும் மா குதிரை, தமிழிலும் மா குதிரை! கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தான். என் வீடு அடுத்த வரிசைதான்.

"அக்கா! சீனன் யாரு தெரியுமா?"

"யாருலா? பக்கத்து வீட்டு ஆ சோங்கா?"

"சீனன் நம்ம ஆளுக்கா! குதிரைக்கு நாம வச்ச பேர எடுத்துக்கிட்டுப் போயிருக்கான். ஜப்பான்காரன் ஊமாங்கறான். வெள்ளைக்காரன் பொட்டக் குதிரைய மேருங்கறான். மா, ஊமா, மேரு. எல்லாம் நம்ம சரக்கு!"

"மாவுன்னா நமக்கு அரிசி மாவுதானடா? மாமரம்தானடா?"

"அதுவும்தான்! எல்லாத்துக்கும் அதுதான். அதான்கா தாய்மொழி!"

அன்றிலிருந்து தினமும் காலையில் என் போன் கத்தும். எனக்குப் படிக்க வராது என்பதால் குரலாகவே அனுப்புவான். "வணக்கம் உறவுகளே! இன்று மா..." என்று ஆரம்பிப்பான். சீனர் பேச்சின் கடைசியில் ஒரு மா போடுவார்கள், நாமும் "சொல்லுமா, வாம்மா" என்று மா போடுகிறோம், பார்த்தீர்களா என்பான். மலாய்க்காரர் அம்மாவை மாக் என்கிறாரே, பார்த்தீர்களா என்பான். மாமா என்ற நம்முடைய சொல் மலாயில் போய் மாமாக் கடையாகி ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறதே, பார்த்தீர்களா என்பான். அந்தக் கடைசி ஒன்று உண்மைதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஒரு உண்மையை முன்னால் நிறுத்தி அதன் பின்னால் ஒரு பஸ் நிறையப் பொய்யை ஏற்றிவிடுவான். லோரி ஓட்டினவன் அல்லவா, சரக்கு அடுக்கத் தெரியும்.

கோயில் ஆண்டு விழாவில் கமிட்டிச் செயலாளர் கனகராஜ் தெரியாத்தனமாக மைக்கை இவன் கையில் கொடுத்தார். சாப்பாடு வரும் வரைக்கும் ஒரு நிமிடம் பேசட்டும் என்று கொடுத்தது. சாப்பாடு வந்தது, சாம்பார் ஆறியது, இவன் ஆறவில்லை. "சீனனை அந்நியன்னு சொல்லாதீங்க! மலாய்க்காரனை அந்நியன்னு சொல்லாதீங்க! எல்லாரும் நம்ம வீட்டைவிட்டுப் போன பிள்ளைங்க. ஒருநாள் திரும்பி வருவாங்க. அன்னைக்குக் கதவைத் தெறந்து வைங்க!" என்று முடித்தான். பசியில் எல்லாரும் பலமாகக் கை தட்டினார்கள்.

பிள்ளை ஒன்று உண்மையாகவே அடுத்த வாரம் திரும்பி வந்தது.

பையன் பெயர் மா கா வெங். மா என்பது அவர்கள் குடும்பப் பெயர். அதே குதிரைதான். சாந்தினி வேலை செய்யும் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். எனக்கு அவனை முன்பே தெரியும். என் மூக்கில் இருக்கும் கண்ணாடி அவன் பார்த்துக் கொடுத்ததுதான். எழுத்துத் தெரியாதவளுக்குக் கண்ணாடி எதற்கு என்று அவன் கேட்கவில்லை. சுவரில் இருந்த எழுத்துப் பலகையை எடுத்துவிட்டு, சீப்பு மாதிரிப் படம் போட்ட பலகையை மாட்டி, சீப்பின் பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்டச் சொன்னான். ஒன்றைத் தப்பாகக் காட்டினாலும் "போலே, போலே", உங்களால் முடியும் என்று மலாயில் தட்டிக்கொடுத்தான். எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

சாந்தினி அவனைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள். நானும் இருந்தேன். பத்துமலை பையனைப் பார்த்தான், பெண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு எழுந்து சமையல்கட்டுக்குப் போனான். நான் பின்னாலேயே போனேன்.

"சீனனாக்கா?" என்றான், குரலை இறக்கி. மைக்கில் பேசின ஆள் இவன்தானா என்று இருந்தது.

"கோயில்ல கதவைத் தெறந்து வைக்கச் சொன்னியே. வந்துருச்சு பிள்ளை."

"அது வேறக்கா. மொழி வேற, கல்யாணம் வேற."

"அவன் பேரே மா-டா! நீ சொன்ன குதிரைதான். வாசலுக்கே வந்து நிக்குது."

"அந்த மா வேற, இந்த மா வேற! ஓசை ஒண்ணா இருந்தா உறவாயிடுமா?"

இத்தனை காலத்தில் அவன் வாயிலிருந்து வந்த ஒரே சரியான பேச்சு அதுதான். அதையும் ஒரு நல்ல பையனை விரட்டுவதற்காகச் சொன்னான்.

"போன வருஷம் கனகராஜ் மகன் சீனப் பொண்ணக் கட்டுனப்ப நீதான முன்னால நின்னு வாழ்த்துன? ரெண்டு பந்தி சாப்பிட்ட?"

"அது வர்றதுக்கா. இது போறது."

"என்னாடா வர்றது போறது? பஸ்ஸா?"

"அங்க அவங்க பொண்ணு நம்ம வீட்டுக்கு வருது. இங்க நம்ம பொண்ணு அவங்க வீட்டுக்குப் போவுது. ஒனக்குப் புரியாது. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? ஒன் மகன் தர்மேந்திரன் இல்லையா? அத்தை மகன், முறைப் பையன்!"

என் மகன் தர்மேந்திரனுக்குத் தலை வழுக்கை. மனைவி இருக்கிறாள், மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். அதை ஞாபகப்படுத்தினேன். "ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றான். உலகத்து மொழிகளை எல்லாம் உறவாக்கினதும் ஒரு பேச்சுக்குத்தான் போலிருக்கிறது.

கூடத்துக்கு வந்து பையனிடம் சீனத்தில் நாலு வார்த்தை சொன்னான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. பையன் எழுந்து, தலையைக் குனிந்து வணங்கிவிட்டுப் போனான். சாந்தினி அழவில்லை. அவள் என் தம்பியின் மகள், அவளுக்கும் அந்தக் கல்லில் பாதி இருக்கிறது. "நீங்க வந்து ஒக்காந்து கையப் புடிச்சுக் குடுக்காம எனக்குக் கல்யாணம் வேணாம்ப்பா. ஓடிப்போய்ப் பதிஞ்சுக்கவும் மாட்டேன். ஆனா வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு எப்போதும் போல வேலைக்குப் போனாள், வந்தாள், அப்பாவுக்குச் சோறு போட்டாள். பேச்சு மட்டும் இல்லை.

அப்பனும் விடவில்லை. காலைச் செய்தி நின்றுபோயிற்று. உறவுகளுக்கு வணக்கம் இல்லை. நான் திட்டிப் பார்த்தேன். பகலில் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் தட்டை வைக்காமல் பட்டினி போட்டுப் பார்த்தேன். அவன் மாமாக் கடையில் போய் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்தான். பெண்ணுக்கு வயது ஏறுகிறது, பையன் எத்தனை காலம் காத்திருப்பான்? இரண்டு கல்லுக்கு நடுவில் அந்தப் பெண்ணின் வாழ்க்கை அரைபட்டுக்கொண்டிருந்தது. சட்னி அரைபட்டாலாவது தொட்டுச் சாப்பிடலாம்.

பிறகு நான் யோசித்தேன். இவன் மகளைக்கூட விட்டுவிடுவான். எதை விடமாட்டான்? அடுத்தவர் தப்பாகப் பேசினால் அதைத் திருத்தாமல் விடமாட்டான். பேருந்தில் போகும்போது முன் இருக்கையில் இருப்பவர்கள் பேசுவதைத் திருத்துகிறவன். செத்த வீட்டில் ஒப்பாரியைத் திருத்தினவன்.

கா வெங்கைக் கூப்பிட்டு, அவன் காரில் மெங்லெம்புவுக்கு, அவன் பாட்டி வீட்டுக்குப் போனேன். பெற்றோர் இல்லாத பையன், பாட்டிதான் வளர்த்தவள். அவளும் அவனுக்கு "மா மா"தான். என்னைவிட மூத்தவள், வாயில் பல் இல்லை, கண்ணில் மட்டும் பல் இருந்தது. எனக்குச் சீனம் வராது, அவளுக்குத் தமிழ் வராது. இருவருக்கும் பாசாரில் மீன் வாங்குகிற அளவுக்கு மலாய் வரும். கல்யாணம் பேச அது போதும்.

அவளுக்கும் இந்தச் சம்பந்தம் தேன் இல்லை. மேசையில் இருந்த சாந்தினியின் படத்தை எடுத்துக் காட்டி, "ஹீத்தாம்" என்றாள். கறுப்பு என்று. நான் அவள் பேரனைக் காட்டி, "பூச்சாட்" என்றேன். வெளிறிப் போனவன் என்று. கிழவி என்னை முறைத்தாள். பிறகு ஈறு தெரியச் சிரித்தாள். போய் எனக்குக் கடலை எடுத்துவந்து வைத்தாள். அதோடு அந்தக் கணக்கு தீர்ந்தது.

நான் என் தம்பியின் நோயை விளக்கினேன். கையாலும் மலாயாலும் விளக்கினேன். நீ வீட்டுக்கு வா. அவன் அறைக்குள் ஒளிந்துகொள்வான். மா என்பது உங்கள் சொல், தமிழர் உங்களிடமிருந்து எடுத்தது என்று உரக்கச் சொல். கதவு திறக்கும்.

கிழவி யோசித்தாள். "மா எங்க சொல்லுதானே? நான் எதுக்குப் பொய் சொல்லணும்? உள்ளதைச் சொல்றேன்" என்றாள்.

இவளுக்கும் அதே நோய். எனக்கு அப்போதே நிம்மதி வந்துவிட்டது.

ஒரு விடுமுறை நாள் காலையில் வந்தார்கள். கிழவி, கா வெங், அவன் நண்பர்கள் சிலர், கையில் சிவப்புத் துணி மூடிய தட்டுகள். ஆரஞ்சு, கேக், தேயிலை, துணி. வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டதும் பத்துமலை, "எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடுங்க" என்று அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். சாந்தினி புடவை கட்டிக்கொண்டு கூடத்தில் நின்றாள். அவள் பார்வை வந்தவர்கள் மேல் இல்லை, அந்தக் கதவின் மேலேயே இருந்தது.

தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். நான் எண்ணிப் பார்த்தேன். இரட்டைப்படை.

"சாந்தினி, நமக்கு ஒத்தப்படையா இருக்கணும்லா. ஒண்ண எடுத்துக் கார்ல வச்சிறச் சொல்லு" என்றேன்.

கா வெங் பாட்டியிடம் சொன்னான். கிழவி தலையை ஆட்டினாள். நல்ல காரியத்துக்கு ஜோடி ஜோடியாகத்தான் வைக்க வேண்டுமாம். ஒற்றையாக வைப்பது சாவுக்காம்.

மூடிய கதவுக்குள்ளிருந்து காய்ச்சல்காரன் குரல் வந்தது. "ரெட்டப்படை ஆவாதுன்னு சொல்லுங்க! சீர்த் தட்டுன்னா ஒத்தப்படைதான்!"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உள்ளே போய் வெற்றிலை பாக்குத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கடைசியில் வைத்தேன். அவர்கள் கொண்டுவந்தது இரட்டை, என்னுடையதோடு சேர்த்தால் ஒற்றை. அவரவர் எண்ணிக்கை அவரவருக்கு. கிழவி திருப்தியாக எண்ணினாள், நானும் திருப்தியாக எண்ணினேன்.

பிறகு அவளைப் பார்த்துத் தலையசைத்தேன். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கதவைப் பார்த்துச் சீனத்தில் ஆரம்பித்தாள். பாசாரில் காய்கறி விற்ற குரல், தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். கடையில் பழகிச் சீனம் தெரிந்த சாந்தினி எனக்குத் தமிழில் சொன்னாள்.

"அத்தை, மா-ங்கறது அவங்க சொல்லாம். குதிரையே அவங்க ஊர்லேருந்துதான் எல்லா ஊருக்கும் போச்சாம். தமிழங்க குதிரைய வாங்குனப்ப, பேரு தெரியாம அவங்ககிட்டயே பேரையும் கேட்டு வாங்கிட்டுப் போனாங்களாம்."

தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தில் சுவரில் மாட்டியிருந்த விமலாவின் படம் ஆடியது. "ம்ஹாய்!" என்று கத்திக்கொண்டு வந்தான் என் தம்பி. இல்லவே இல்லை என்று சீனத்தில் அர்த்தமாம். இடுப்பில் கைலி, மேலே பனியன், காய்ச்சலுக்காகக் கழுத்தில் சுற்றிய துண்டு.

அப்புறம் நடந்ததை எனக்குச் சொல்லத் தெரியாது. இருவரும் சீனத்தில் மோதிக்கொண்டார்கள். நடுவில் எனக்குப் புரிந்த ஒரே சொல் மா. அது இங்கிருந்து அங்கே போகும், அங்கிருந்து இங்கே வரும். கிழவி அதை நாலு விதமாகப் பாடிக்காட்டி, எங்கே நீ சொல் பார்க்கலாம் என்றாள். இவன் நாலையும் பிசகாமல் திருப்பிச் சொன்னான். கிழவி கொஞ்சம் அசந்து போனாள். யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டாளாம்.

"கிச்சாப் பட்டறைப் பாட்டி. அடிச்சுச் சொல்லிக்குடுத்தாங்க."

"இன்னும் கொஞ்சம் அடிச்சிருக்கலாம்" என்றாளாம் கிழவி.

பேசிக்கொண்டே அவளுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். பெண்ணின் அப்பாவுக்கென்று சாந்தினி சிவப்புத் துணி விரித்துப் போட்டிருந்த நாற்காலி அது. வாதம் செய்கிற சூட்டில் அவன் அதைக் கவனிக்கவில்லை. கிழவி கவனித்தாள். பேரனுக்குக் கண்ணைக் காட்டினாள்.

அவர்கள் வழக்கப்படி பொண்ணும் மாப்பிள்ளையும் முழங்காலிட்டுப் பெரியவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பது கல்யாணத்தன்று காலையில். கிழவி அதுவரைக்கும் பொறுப்பவள் இல்லை, ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டே வந்திருந்தாள். கா வெங் சின்னக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி என் தம்பியின் முன்னால் முழங்காலிட்டான். சாந்தினி பக்கத்தில் முழங்காலிட்டாள். கொடுக்கிறவர்கள் முதலில் முறை சொல்லிக் கூப்பிட வேண்டும், அப்புறம்தான் பெரியவர் குடிப்பார், குடித்தால் உறவு உறுதி. பையன் நன்றாகப் பழகிக்கொண்டு வந்திருந்தான்.

"மாமா, தேத்தண்ணி குடிங்க."

"ஹா?" என்றாள் கிழவி. அவனுக்கு அவள்தானே மா மா. எல்லாரும் சிரித்தார்கள். என் தம்பி சிரிக்கவில்லை. கோப்பையைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான். அவன் முதலாளி வீட்டுக் கல்யாணங்களில் முன்வரிசையில் உட்கார்ந்தவன். அந்தக் கோப்பையை வாங்கிக் குடித்தால் என்ன அர்த்தம் என்று இந்த வீட்டில் அவனைவிட நன்றாகத் தெரிந்த தமிழன் இல்லை. பாதி எழுந்தான்.

"அக்கா, இது சும்மா தேத்தண்ணி இல்ல."

"தெரிஞ்சுதான்டா குடுக்குறாங்க."

"நான் பேச வந்தேன். இதுக்கு வரல."

"குடிக்க வேணாம்னா விடு. போய்ப் படுத்துக்க, காய்ச்சலு. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. இனிமே நீ எந்தக் கோயில்ல மைக்கப் புடிச்சு ஒலகமெல்லாம் நம்ம பிள்ளைன்னு சொன்னாலும், நான் முன்னால ஒக்காந்து சத்தமா சிரிப்பேன். எனக்கு வயசாச்சு, கமிட்டிக்காரன் என்னைத் தூக்கி வெளிய போடவும் மாட்டான்."

அப்போது சாந்தினி பேசினாள். இத்தனை நாள் கழித்து அப்பாவிடம் அவள் பேசின முதல் பேச்சு.

"நீங்க ஒலகத்துக்கே அப்பாவா இருங்கப்பா. எனக்கும் கொஞ்சம் இருங்க."

கோப்பையில் தேத்தண்ணி ததும்பியது. என் தம்பி மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த நேரத்தில் அவனிடம் ஒரு சொல்லும் இல்லை, மாவும் இல்லை. பிறகு மெல்ல உட்கார்ந்தான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தான்.

"என்னா இது, இம்புட்டு இனிப்பா? எனக்கு இனிப்பு நீரு இருக்குன்னு யாரும் சொல்லலியா?" என்று மருமகனை அதட்டினான். அதட்டிவிட்டு அடி வரைக்கும் குடித்தான். கோப்பையைக் கவிழ்த்து வேறு பார்த்தான். சாந்தினி அவன் முட்டியில் தலையை வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

இதோடு அவன் திருந்தினான் என்று நினைக்காதீர்கள். கல்யாணத்தன்று மகள் கையைப் பிடித்துக் கொடுத்தான். கொடுத்த கையோடு மைக்கைப் பிடித்தான். "இந்தப் பையன் யாரு? மா குடும்பம்! அந்தக் காலத்துல குதிரையோட போன நம்ம ஆளுங்க. நான் ஆராய்ஞ்சு கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்த மாப்பிள்ளை இவரு!" என்றான். விரட்டினதை ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை, நல்ல நாளாயிற்றே என்று. அந்நியனை மருமகனாக ஏற்றுக்கொள்ள அவனுக்கு மனசு வரவில்லை. அதனால் அந்நியனே இல்லை என்று ஆக்கிக்கொண்டான். பத்துக் கல் சேர்ந்தால் மலை, ரெண்டும் ஒண்ணுதான். யாரோ அதைக் கிழவிக்கு மொழிபெயர்த்தார்கள். அவள் பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து மைக்கை வாங்கி, எங்கள் சம்பந்தி இவ்வளவு நன்றாகச் சீனம் பேசுவதற்குக் காரணம் அவர் பாட்டன் சீனன், வெயிலில் நின்று கறுத்துப்போனார் என்று சொல்லி உட்கார்ந்தாள். சீனர் பக்கம் கை தட்டினார்கள். இந்த முறை யாருக்கும் பசிகூட இல்லை.

இப்போது ஞாயிறு தோறும் அவன் மெங்லெம்புவுக்குப் போகிறான். மகளைப் பார்க்கப் போகிறேன் என்கிறான். மகளும் மருமகனும் ஞாயிற்றுக்கிழமை கடையில் இருப்பார்கள், வீட்டில் கிழவி மட்டும்தான் இருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். போய் உட்கார்ந்து சண்டை போடுகிறான். விமலா போன பிறகு அவனுக்கு முழுசாகக் காது கொடுத்த ஒரே ஆள் அவள்தான். காது கொடுத்துவிட்டுத் திருப்பியும் கொடுக்கிறாள்.

சாந்தினி மாசமாக இருக்கிறாள். சீன முறையில் பிள்ளை தன் அம்மாவின் அப்பாவை "கொங் கொங்" என்று கூப்பிட வேண்டுமாம். நமக்குத் தாத்தா என்று ஒரு சொல் இருக்கிறதே, இவன் ஒத்துக்கொள்ள மாட்டான், இன்னொரு சண்டை வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். இன்று காலையில் என் போன் கத்தியது. ரொம்ப நாள் கழித்துப் பழைய குரல்.

"வணக்கம் உறவுகளே! இன்று கொங். நம்ம பாட்டன் எங்கேருந்து கெளம்பி வந்தாரு? நாமக்கல்லு. நாமக்கல்லு எந்த நாடு? கொங்கு நாடு! கொங்கு, கொங் கொங்..."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. சாந்தினியைக் கூப்பிட்டு, அதை அப்படியே சீனத்தில் மெங்லெம்புக் கிழவிக்குச் சொல்லச் சொன்னேன்.